மழை அறியாத தாளம்

தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தேவாலா. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கினால் வீட்டுக்குள் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். அந்த இரைச்சலில் டேப்ரெக்கார்டரில் ஓடும் பாட்டின் வயலினும் புல்லாங்குழலும் முதலில் கரைந்துபோகும். கரையாமல் நின்றது 1986-ல் வந்த ‘விக்ரம்’ படத்தின், சிந்தசைசர் ஒலியில் அமைந்த தலைப்புப் பாடல். இளையராஜாவின் இசை, வைரமுத்துவின் வரிகள், கமல்ஹாசனின் குரல். சிந்தசைசர் இசையின் பலத்தையும் குறையையும் இந்த ஒரு பாடலை வைத்தே எடைபோட முடியும் என்று நம்புகிறேன்.

அது மழையைத் தாண்டிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வில் உரசி எழும் நாதமும் மூச்சில் பிறக்கும் நாதமும் மெல்ல எழுந்து மெல்ல அடங்குபவை. இயந்திரத் தாளமோ சட்டென்று விழுந்து சட்டென்று நிற்கிறது. அடிக்கு அடி இடைவெளி பிசகுவதில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்று காது முன்கூட்டியே அறிந்துவிடுவதால் இரைச்சலுக்குள்ளும் அதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஒலிக்குக் கதையிலும் வேலை இருந்தது. திருடுபோன ஏவுகணையைத் தேடும் உளவாளியின் கதை அது, எழுதியவர் சுஜாதா. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1978-ல் ‘தி ரோபோட்ஸ்’ பாடலில் பாடுபவர்களையே இயந்திரமாக்கிக் காட்டியது. இளையராஜா வேறு வழியில் போனார். இயந்திரத் துடிப்பின் நடுவே கமலின் முரட்டுக் குரலை மனிதக் குரலாகவே நிறுத்தினார். இரண்டும் உரசும் இடத்தில்தான் பாடலுக்குச் சூடு பிறக்கிறது.

அதே ஆண்டில் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி இசையை அவர் காதலுக்குக் கொண்டுபோனார். ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் மேற்கத்திய இசைமேதை பாஹையும் கர்நாடக இசையின் தியாகராஜரையும் தந்திக் கருவிகளின் வழியே சந்திக்க வைத்ததும் அதே காலம். கையில் இருந்த பல கருவிகளில் இயந்திரத்தை அவர் தேவை பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ‘விக்ரம்’ பாடலின் முதல் சிறப்பாக நான் கருதுவது அந்தத் தேர்வைத்தான்.

குறையை எனக்குக் காட்டியது தப்பு என்னும் தோற்கருவி. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தன. தப்பும் அவர்களோடு வந்தது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். சருகு கூட்டித் தீ மூட்டி வாட்டினால்தான் நாதம் ஏறும். சூடு ஆற ஆற நாதம் இறங்கும். அடிப்பவர் அதைக் காதால் உணர்ந்து கையை மாற்றுவார், ஆடுபவரின் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார். முன்னே சொன்ன அடி பின்னால் அப்படியே திரும்புவதில்லை.

‘விக்ரம்’ பாடலின் துடிப்புக்கு அந்தச் செவி கிடையாது. குரல் உச்சத்துக்கு ஏறும்போதும் தாளம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. எதிரே இருப்பவரைக் கேட்டு மாறுவது இயந்திரத்துக்குக் கூடவில்லை. இன்னொரு குறை, அந்த ஒலியின் மேல் அதன் காலம் அழுத்தமாகப் பதிந்திருப்பது. கேட்டவுடன் எண்பதுகளின் கருவி என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வயலின் அப்படித் தன் வயதைச் சொல்வதில்லை.

பின்னால் வந்த பழக்கம் இவற்றைவிடக் கவலை தருவது. இளையராஜாவுக்குத் தேர்வாக இருந்தது பலருக்குச் சிக்கன வழியாயிற்று. ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் இருந்தால் கச்சேரி நடத்திவிடலாம் என்றானபோது தபலாக்காரரும் வயலின்காரரும் மேடையிலிருந்து இறங்கினார்கள். கையில் பணம் குறைந்த சிறு ஊருக்கும் மெல்லிசை கிடைத்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் இந்த ஒலி என்று கேட்காமலே பயன்படுத்தியபோது சோகப்பாட்டும் சாமிப்பாட்டும் ஒரே பொத்தானிலிருந்து பிறந்தன.

‘விக்ரம்’ பாடல் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. அதனால்தான் குறைகளோடும் அது நிலைத்திருக்கிறது. மழை விட்ட இரவில் அதே பாடலைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். கூரை அமைதியானதும் தாளம் பின்னுக்குப் போய், அதுவரை மழையில் அமுங்கியிருந்த கமலின் மூச்சு வாங்கல் தெளிவாகக் கேட்டது.