பிடித்த பந்து பேசப்படுவதில்லை

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய காற்பந்து ரசிகர் யாரிடமாவது கோல் காவலர்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். எங்கே சுற்றினாலும் ஆர். ஆறுமுகத்தில்தான் வந்து நிற்கும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டங்களில், மலேசியக் கிண்ண ஆட்டம் என்றால் வானொலிப் பெட்டி இருந்த வீட்டு வாசலில் லயமே கூடிய காலம் அது. நீண்ட கைகளுக்காக அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடியது. அவருடைய பாய்ச்சலைத்தான் இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். என் கணக்கில் பாய்ச்சல் அவர் தொழிலில் சிறு பகுதி. உயரத்தில் வரும் பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எழும்பிப் பிடிப்பதுதான் கோல் காவலரின் அன்றாட வேலை. குத்தித் தள்ளிய பந்து எதிரணிக்காரன் காலில் விழலாம். பிடித்த பந்தோடு ஆபத்து முடிந்துபோகும். நீண்ட கைகள் அதற்குத்தான் அதிகம் உதவும்.

எழுபதுகளில் அது லேசான காரியமல்ல. மழையில் நனைந்த தோல் பந்து கனத்துப்போகும். இன்றைய ஒட்டும் நுரைக் கையுறை அப்போது கிடையாது. அந்தக் காலத் தோட்டத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். பால் எடை போட்டு, குளித்துவிட்டு, மாலையில் இளைஞர்கள் இறங்குவார்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் புல் தேய்ந்து வெறும் மண்ணாகி, மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும். தரையோடு வரும் பந்து அந்தச் சேற்றில் பட்டதும் வழுக்கிக்கொண்டு வேகம் எடுக்கும். அனுபவப்பட்டவன் கையை மட்டும் நம்ப மாட்டான்; ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, கைக்குப் பின்னால் இரண்டாவது தடுப்பாக வைப்பான். கை தவறினாலும் கால் காப்பாற்றும்.

கையால் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கக் காற்பந்தில் ‘ரிசீவர்’ என்று ஓர் இடம் உண்டு. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தை, எதிரணியினர் மேலே விழுந்து மோதும்போதும் நழுவவிடாமல் பிடிக்க வேண்டும். அதில் மிகப் பெரியவர் ஜெரி ரைஸ். மிசிசிப்பி மாநிலத்துக் கொத்தனாரின் மகன். அப்பாவுக்கு உதவியாக வேலை செய்யும்போது, மேலே வீசப்படும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்தே அவர் கை பழகியது. 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு வந்தவர், மூன்று ‘சூப்பர் பவுல்’ வென்றார். ஓய்வு பெறும்போது 1,549 பந்துகளைப் பிடித்திருந்தார். அவர் பிடித்த ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறுமுகம் பிடித்ததை இங்கே யாரும் எண்ணவில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் காலத்துச் சிலாங்கூர் 1975, 1976, 1978, 1979 ஆகிய நான்கு ஆண்டுகளில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை வீழ்த்தியது. அந்த நான்கு ஆட்டங்களிலும் சேர்த்துச் சிலாங்கூர் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியின் கோல்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, எழுதத்தான் வேண்டும். பின்னால் சந்தோக் சிங் போன்ற தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஆறுமுகமும் கதவை அடைத்து வைத்த கதைக்கும் அதே இடம் கிடைத்திருக்க வேண்டும். 1977, 1979 சீ விளையாட்டுகளில் தங்கம் வென்ற தேசிய அணியிலும் ஆறுமுகம் இருந்தார்.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஹசான் சானி கொடுத்த பந்தில் ஜேம்ஸ் வோங் அடித்த கோலை இன்றும் பேசுகிறோம். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து நாடு புறக்கணித்ததால் ஆறுமுகமும் இருந்த அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஓர் ஆட்டக்காரனின் உச்சம் நாலைந்து வருடம். அதில் உலகம் பார்த்திருக்க வேண்டிய ஒரே மேடை அப்படிப் போனது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது வயது 35. 2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் பல இளைஞர்களுக்கு இவர் பெயரே தெரிந்தது.

வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. புக்கிட் செராக்கா பக்கம் இன்று புஞ்சாக் ஆலம் நகரம். தோட்டம் போனபோது திடலும் போனது. ஃபுட்சால் கூடங்கள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அந்தச் சின்ன கோல் வாசலில் காவலர் காலாலும் உடம்பாலும் தடுத்தே பழகுகிறார். மூலையிலிருந்து உயர்ந்து வரும் பந்தை, பத்துப் பேருக்கு நடுவே எழும்பிப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிடைப்பதில்லை. அதற்கு முழு அளவுத் திடலும் முழு அளவுக் கம்பமும் வேண்டும். வாரம் இரண்டு நாளாவது உயரப் பந்து மட்டும் போட்டுத் தரும் பயிற்றுநர் வேண்டும். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து, பதினொரு வயதிலேயே இதைத் தொடங்க வேண்டும். பதினெட்டு வயதில் தேர்வு முகாமுக்கு அழைத்துக் கையை நீட்டச் சொன்னால் நீளாது.