பசியும் நாகரும் உரையாடலும்: ‘அன்ரெஸ்ட்’ நிகழ்பட ஆட்டம் – மணிமேகலைவழி ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தனிமுயற்சிக் குழுவான பைரோடாக்டில் கேம்ஸ் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’, கற்பனையான பழங்கால இந்திய நகரொன்றில் நிகழும் பாத்திரமேற்பு ஆட்டமாகும். பஞ்சம், நாகர், உரையாடல் ஆகிய மூன்றும் இவ்வாட்டத்தின் அடிப்படைகள். இம்மூன்றும் மணிமேகலையிலும் அமைந்துள்ளமையால், அக்காப்பியத்தை அளவுகோலாகக் கொண்டு ஆட்டத்தின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அன்ரெஸ்ட், பாத்திரமேற்பு ஆட்டம், மணிமேகலை, சாதுவன், நாகர், உரையாடல்.

முன்னுரை

பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஆடுபவர் ஒரு கதைமாந்தராகி முடிவுகளை எடுக்கிறார். பகைவரைக் கொன்று புள்ளி சேர்த்து, நிலை உயர்ந்து, இறுதியில் பெரும்பகையை வெல்வதே இவ்வகையின் பெருவழக்கு. இவ்வழக்கைத் தொடக்கக் காலத்திலேயே மீறியது 1985இல் ரிச்சர்டு கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’. வெல்லவேண்டிய பகைவன் எவனும் அதில் இல்லை. எட்டு நற்பண்புகளில் தேர்ச்சி பெற்று ‘அவதார்’ ஆவதே குறிக்கோள். இந்தியச் சமய மரபின் சொல் ஒன்று அமெரிக்க ஆட்டத்தில் அறக்கருத்தாக இடம்பெற்றது அவ்வாறு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, இந்தியக் களத்தையே எடுத்துக்கொண்டு அதே வழக்கை வேறொரு முறையில் மீறியது ‘அன்ரெஸ்ட்’.

ஆட்டத்தின் அமைப்பு

கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் திரட்டிய பொதுமக்கள் நிதியால் உருவானது இவ்வாட்டம். இருபரிமாண ஓவியப் பின்னணி, மேலிருந்து நோக்கும் கோணம், மிகுதியான எழுத்துவழி உரையாடல் ஆகியவை 1990களின் கணினி ஆட்டங்களை நினைவூட்டுகின்றன. களம் பீம்ரா என்னும் பஞ்சத்தில் வாடும் நகர். ஆடுபவர் ஒரே வீரனாக இராமல், அத்தியாயந்தோறும் வெவ்வேறு மாந்தராகிறார். தான்யா என்னும் உழவர்குடிப் பெண்ணுக்குப் பெரியோர் திருமணம் பேசி முடித்துள்ளனர். இணங்குவதா, மறுப்பதா என்பதே அவளது போர்க்களம். போர் மிக அரிது, பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. எதிரே நிற்பவரின் நட்பு, மதிப்பு, அச்சம் ஆகிய மூன்றும் பேச்சுக்கேற்பக் கூடிக்குறைகின்றன. பாத்திரம் இறந்தாலும் ஆட்டம் முடிவதில்லை. கதை அடுத்தவரிடம் செல்கிறது.

ஒருவரின் வீழ்ச்சிக்குப் பின்னும் ஊர் இயங்குகிறது என்னும் இவ்வமைப்பே ஆட்டத்தின் சிறந்த கூறு. தனிவீரப் புகழ்ச்சியிலிருந்து விலகி, பசித்த நகரைக் கதைத்தலைமை ஆக்கியுள்ளது இது.

சாதுவன் என்னும் முன்மாதிரி

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கணிகையிடம் பொருளிழந்த சாதுவன் வணிகம் கருதிக் கடல் செல்கிறான். மரக்கலம் உடைய, நக்க சாரணர் நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்கிறான். தன்னை உண்ண நெருங்கிய நாகரிடம் அவன் வாளெடுக்கவில்லை. அவர்தம் மொழியில் பேசுகிறான். நாகர் தலைவன், உடலை விட்ட உயிர் வேறிடம் புகுவது எவ்வாறு என வினவ, வாதம் தொடர்கிறது. முடிவில், மரக்கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதிருக்க நாகர் இசைகின்றனர். வாதம் ஒருவனின் உயிரைக் காத்ததோடு நில்லாமல், ஒரு கூட்டத்தின் வாழ்க்கைமுறையையே மாற்றுகிறது.

‘அன்ரெஸ்ட்’ ஆட்டத்திலும் மனிதரும் நாகரும் பேச்சால் உறவையோ பகையையோ தீர்மானிக்கின்றனர். ஆயினும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. சாதுவனைக் காத்தது அவனது அறிவுக்கும் முன்னதாக, நாகர் மொழியை அவன் அறிந்திருந்தமையே. ஆட்டத்திலோ அனைவரும் ஒரே ஆங்கிலத்தில் உரையாடுகின்றனர். மொழி அறியாமை ஒரு தடையாகவோ, மொழி அறிதல் ஒரு திறனாகவோ ஆட்டவிதியில் இடம்பெறவில்லை. பன்மொழி நிலமாகிய இந்தியாவைக் களமாக்கிய ஆட்டம், அந்நிலத்தின் முதன்மை அனுபவத்தையே இழந்துவிட்டது எனலாம்.

மெய்ப்பாடும் அளவீடும்

உணர்வை மூன்று அளவுகளாகச் சுருக்கியதும் ஆய்வுக்குரியது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. ஆட்டத்தின் மூன்றனுள் அச்சம் ஒன்றே இரண்டிற்கும் பொது. தான்யாவின் அத்தியாயத்தில் அழுகையும் இளிவரலும் வெகுளியுமே உண்மையில் தொழிற்படுகின்றன. அவற்றை உரையாடல் வரிகள் உணர்த்துகின்றன, அளவீடு உணர்த்தவில்லை. எழுத்து அறிந்ததை ஆட்டவிதி அறியவில்லை என்னும் இவ்விடைவெளியே படைப்பின் பெருங்குறை. அத்தியாயங்கள் குறுகியிருத்தல் இக்குறையை மேலும் மிகுவிக்கிறது.

பஞ்சத்தைப் பொறுத்தவரை ஆட்டம் நேர்மையானது. அமுதசுரபி போன்ற அற்புதம் எதுவும் பீம்ராவுக்குக் கிடைப்பதில்லை. மணிமேகலையில் அற்புதப் பாத்திரத்தோடு அரசியல் தீர்வும் உண்டு, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அத்தகைய நிறுவன மாற்றத்தை ஆடுபவர் முயன்று பார்க்க ‘அன்ரெஸ்ட்’ போதிய வாய்ப்பளித்திருப்பின், அதன் அறநோக்கு முழுமை பெற்றிருக்கும்.

தென்சென்னைப் புறநகரிலிருந்து ஒரு நோக்கு

மணிமேகலை பசிதீர்த்த கச்சிமாநகர், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தொடர்வண்டியில் சென்றடையும் தொலைவில் உள்ளது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் பெரும்பாக்கத்திலும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியிலும் இயங்குகின்றன. பழைய மாநகரைப் பிழையின்றிக் கற்பனை செய்யத் தேவையான மூலங்களும், நிரல் எழுதும் இளைஞரும் ஒரே புறநகர்ப் பகுதியில் உள்ளனர்; இருசாராரும் சந்திக்கும் களம் அரிதாகவே உள்ளது. பழைய பாணி ஆட்டங்களுக்குப் பெரும் முதலீடு தேவையில்லை. நல்ல எழுத்தே அவற்றின் முதல். அந்த எழுத்தைத் தரவல்லவை தமிழ்த்துறைகளே.

முடிவுரை

வாளுக்கு மாற்றாகச் சொல்லை முன்வைத்தமையாலும், எளியோரைக் கதைத்தலைவர் ஆக்கியமையாலும் ‘அன்ரெஸ்ட்’ மதிக்கத்தக்க படைப்பு. பொதுவானதொரு ‘பழங்கால இந்தியா’வோடு அமைந்துவிட்டமையும், மொழி வேற்றுமையை மறந்தமையும் அதன் எல்லைகள். சாதுவனுக்கு நேர்ந்தது போல, எதிரே நிற்பவரின் மொழியைக் கற்றாலன்றி உயிர்பிழைக்க இயலாத ஓர் ஆட்டம் தமிழில் உருவாக்கத்தக்கதே. நிகழ்பட ஆட்டங்களைப் பனுவலாகக் கொண்டு தமிழ்த்துறைகள் பயிலத் தொடங்குவது அதற்கு முதற்படியாகும்.