வாய்தா: முடிவில்லாத கதையை வாசிப்பது எப்படி?

1

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஆவூரை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று ஜல்லிக்கட்டு. மற்றது பெரியநாயகி மாதா கோயில். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை மிஷனின் முக்கியமான தளமாக இருந்த ஊர் இது. பூஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இங்கிருந்துதான் வேலை செய்தார்.

இவர் 1714இல் புதுச்சேரியிலிருந்து பாரிஸில் இருந்த ஒரு நீதிபதிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இந்த நாட்டில் நீதி எப்படி வழங்கப்படுகிறது என்பதுதான் கடிதத்தின் பொருள். இவர்கள் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. வழக்கமும் முதுமொழியும்தான் இவர்களுக்குச் சட்டம் என்கிறார். கூடவே உதாரணத்துக்குச் சில கதைகளையும் சொல்கிறார். நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த மரியாதை ராமன் கதைகள். நானறிந்து அக்கதைகள் எழுத்தில் ஏறிய மிகப் பழைய இடங்களில் அந்தக் கடிதமும் ஒன்று.

மரியாதை ராமன் கதையின் அமைப்பைக் கொஞ்சம் கவனிப்போம். ஒரு பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். சாட்சி இல்லை. ராமன் ஒரு தந்திரம் செய்கிறான். பொய்யன் தன்னை அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். தீர்ப்பு. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேருகிறார்கள். நீதிபதிக்கு உண்மையைக் கண்டுபிடிக்கும் ஆசை இருக்கிறது என்பதும், கதைக்கு முடிவு உண்டு என்பதும் இந்தக் கதையாடலின் அடித்தளம். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் கதை நிற்காது.

ஆவூர் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். போராட்டக்காரர்கள் மீது வழக்குப் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "தப்புப் பண்ணலைன்னா கோர்ட்டு விட்டுடப் போவுது, அப்புறம் என்ன பயம்?" என்றார். பக்கத்தில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், சாலை மறியல் வழக்கு ஒன்றில் பல வருடமாக அலைகிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடும்ணே. எப்ப விடும்ங்கறதுதான் கேசே. போன மாசம் போனேன், வாய்தா. இந்த மாசம் போனேன், ஜட்ஜு லீவு. கேசு நடக்குது, ஆனா நகரல."

பெரியவர் பேசியது மரியாதை ராமனின் மொழி. இன்னொருவர் பேசியது வேறொரு கதையின் மொழி. அந்த இன்னொரு கதையை வாசிப்பதற்கான கருவிகள் எழுத்தாளர்களும் இயக்கக்காரர்களுமான நம்மிடம் இருக்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

நீதி பற்றிய தமிழ் மனத்தை உருவாக்கிய பெரும் பிரதி சிலப்பதிகாரம். அதில் நிகழும் அநீதி என்ன? கோவலனை யாரும் விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், வாள் இறங்கியது. கண்ணகி கேட்பது அடிப்படையில் ஒரு மறுவிசாரணை. சிலம்பை உடைத்தால் மாணிக்கப் பரல், உண்மை வெளியே தெறிக்கிறது. விசாரணை நடந்த அந்த நொடியே நீதி நடந்துவிடுகிறது, அரசனும் மாய்கிறான். மனுநீதிச் சோழன் கதையும் அப்படித்தான். மணியை அடித்தால் போதும், அரசன் வெளியே வருவான்.

ஆக, 'விசாரணையின்மை' என்ற காயத்தின் மீது வளர்ந்தவர்கள் நாம். போலி மோதல், லாக்கப் சாவு, ஆள் காணாமல் போவது என்று நம் மனித உரிமை இயக்கம் எதிர்கொண்டவை பெரும்பாலும் இந்தக் காயத்தின் தொடர்ச்சிகள். ஆகவே 'விசாரணை வேண்டும்' என்பதே நம் முழக்கமாக இருந்தது. அது நியாயமான முழக்கம்தான், இன்றும் தேவைப்படுகிற முழக்கம்தான்.

ஆனால் அதிகாரம் வேறொன்றையும் கற்றுக்கொண்டுவிட்டது. விசாரிக்காமல் கொல்வதைவிட, விசாரித்துக்கொண்டே இருப்பது வசதியானது. கொலைக்குக் கண்ணகி வருவாள். வாய்தாவுக்கு யார் வருவார்கள்? எதிர்த்துக் கேட்டால் 'சட்டம் தன் கடமையைச் செய்கிறது' என்ற ஒரு வாக்கியம் போதும்.

அமெரிக்க அறிஞர் மால்கம் ஃபீலி, நியூ ஹேவன் நகரத்துக் கீழ்நிலைக் குற்றவியல் நீதிமன்றத்தை ஆராய்ந்து 1979இல் எழுதிய நூலின் தலைப்பே 'நடைமுறையே தண்டனை' என்பதுதான். அதற்கும் முன்னால் காஃப்கா இதைக் கண்டுகொண்டார். ஏ.வி. தனுஷ்கோடியின் தமிழாக்கத்தில் நாம் படித்த 'விசாரணை' நாவலில், நீதிமன்ற ஓவியன் டிட்டொரெல்லி, யோசெஃப் க.விடம் மூன்று வழிகளைச் சொல்கிறான்: உண்மையான விடுதலை, தோற்றத்தளவிலான விடுதலை, முடிவில்லாமல் தள்ளிப்போடுவது. முதலாவது கிடைத்ததாக அவனே நேரில் கண்டதில்லை. அந்த நாவலில் இன்ன குற்றம் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. அதைக் குறியீடு என்றும் இருத்தலியல் என்றும் வாசித்தோம். நம் தாலுகா கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறவருக்கு அது யதார்த்தவாத நாவல்.

'வாய்தா' என்ற சொல் அரபி வழியாக வந்தது. வாக்குறுதி, குறித்த தவணை என்பது மூலப்பொருள். தேதி தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. நாம் அதைத் தேதி தள்ளிப்போவது என்ற பொருளில் புழங்குகிறோம். நீதிமன்றத்தைப் பற்றிய நம் மக்களின் விமர்சனம் இந்தச் சொல்லின் பொருள் மாற்றத்திலேயே பதிவாகியிருக்கிறது. 'வழக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். உலக வழக்கு என்றால் வழக்கம், கோர்ட்டு வழக்கு என்றால் பிராது. பூஷே காலத்தில் வழக்கமே சட்டமாக இருந்தது. நம் காலத்தில் வழக்குப் போடுவதே வழக்கமாகிவிட்டது.

3

பூஷே சார்ந்த அதே இயேசு சபையைச் சேர்ந்தவர், ஆவூருக்கு அடுத்த திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் 1937 ஏப்ரல் 26 அன்று பிறந்தவர், ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தபோது அவருக்கு வயது 83. பீமா கோரேகான் வழக்கு, ஊபா சட்டம்.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று நவம்பர் 6ஆம் தேதி மனுப்போட்டார். பதில் சொல்ல அரசுத் தரப்பு 20 நாள் கேட்டது. 26ஆம் தேதி வந்த பதில்: நாங்கள் அதைக் கைப்பற்றவே இல்லை. ஒரு ஸ்ட்ராவுக்கும் வாய்தா.

மருத்துவக் காரணங்களுக்கான ஜாமீன் 2020 அக்டோபரிலேயே மறுக்கப்பட்டது. 2021 மார்ச் 22 அன்று வழக்கமான ஜாமீனும் மறுக்கப்பட்டது. மே 21 அன்று காணொலி வழியாக மும்பை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தார். சிறைக்கு வந்தபோது தானே சாப்பிடவும் நடக்கவும் குளிக்கவும் முடிந்தது, இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். அரசு ஆஸ்பத்திரி வேண்டாம், அதற்கு இங்கேயே செத்துப்போகிறேன், ராஞ்சியில் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்றார். ஒரு வாரம் கழித்துத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவு வந்தது. ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மனுதாரர் இறந்துவிட்டார் என்ற செய்தி நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் அவருடைய கணினியை ஆராய்ந்து அறிக்கை தந்தது: 2014இலிருந்து அதற்குள் வெளியாள் ஊடுருவியிருக்கிறார், ஆவணங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. மரியாதை ராமன் கதையில் இந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும், தீர்ப்பு வந்துவிடும். இந்தக் கதையில் அறிக்கை வந்தது. கேட்க ஆள் இல்லை.

இங்கே சட்டத்தின் ஒரு வரியையாவது வாசித்தாக வேண்டும். ஊபாவின் 43டி(5) பிரிவு, 2008இல் சேர்க்கப்பட்டது: போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்தால் குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜாமீன் கூடாது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த ஆவணங்களை ஜாமீன் கட்டத்தில் ஆழமாகச் சோதிக்க வேண்டியதில்லை என்றது. அதாவது, அரசு எழுதிய பிரதியை அரசு சொன்னபடியே வாசிக்க வேண்டும். பிரதிக்குள் இருக்கும் முரண்களை வாசிக்கும் உரிமை வழக்கு நடக்கும்போதுதான் கிடைக்கும். வழக்கு எப்போது நடக்கும்? இதே வழக்கில் 2018 ஜூனில் கைதான ரோனா வில்சனுக்கும் சுதிர் தவாலேவுக்கும் 2025 ஜனவரியில் ஜாமீன் கிடைத்தபோது, ஆறரை ஆண்டுகள் ஆகியும் குற்றச்சாட்டே வனையப்பட்டிருக்கவில்லை. சட்டத் தமிழில் 'வனைதல்' என்றுதான் சொல்கிறார்கள், குயவர் பானை வனைவது போல. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, பானை வரவில்லை.

4

இப்போது நம்மை நோக்கி ஒரு கேள்வி. ஸ்டான் சுவாமியை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? அந்த ஸ்ட்ராவாக. சுவரொட்டியில், கவிதையில், அஞ்சலிக் கூட்டத்தில் அதுவே வந்தது. நானும் அப்படித்தான் பேசினேன். கிறிஸ்தவர்களுக்கு ஒரு வேதசாட்சி கிடைத்தார், நமக்கு ஒரு படிமம் கிடைத்தது. நடுங்கும் கைகளைக் கண்டு கண்ணீர் விட்டோம். அந்தக் கைகள் அதற்கு முன் என்ன எழுதின என்று கேட்டோமா?

அவர் எழுதியது விசாரணைக் கைதிகளைப் பற்றி. மாவோயிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் கிடந்த ஜார்க்கண்ட் ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி அவரும் தோழர்களும் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த இயக்கத்தோடு தொடர்பே இல்லை என்பது முடிவு. நிலத்தையும் காட்டையும் கேட்டவர்கள் ஜெயிலில் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். இப்படிக் கிடப்பவர்கள் மூவாயிரம் பேர் என்றார். விசாரணையை விரைவுபடுத்தக் கோரி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். விசாரணையே தண்டனையாக இருப்பதை எண்ணிக்கையோடு நிரூபிக்க முயன்றவர் அவர். அதே முறையிலேயே அவர் கொல்லப்பட்டார். தன் கைதுக்குக் காரணம் இந்த வேலைதான் என்று கைதாவதற்கு முன் பதிவு செய்த காணொலியில் அவரே சொன்னார்.

படிமம் ஆக்குவதில் ஆபத்து இருக்கிறது. அந்த ஒரு முகம் மூவாயிரம் முகங்களை மறைத்துவிடுகிறது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். இவர்களைப் பற்றி எழுத நம்மிடம் கதை வடிவம் இல்லை. காரணம் அவர்கள் வாழ்வில் உச்சம் இல்லை, முடிவு இல்லை. 'விடுதலை ஆனார்' என்ற கடைசி வரிக்காகக் காத்திருக்கிறோம். அந்த வரி வந்ததும் வெற்றி என்று எழுதுகிறோம்.

சேலத்து மாணவி வளர்மதி, புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 2017 ஜூலையில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் துண்டறிக்கை கொடுக்க வேண்டிய இரண்டு மாதம் யாருடைய கணக்கில் போனது? பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் 'நீ அதையெல்லாம் தொடாதே' என்று சொல்லவைத்த அந்தப் பயத்தை எந்த ரிட் மனு ரத்து செய்யும்? வழக்கின் உண்மையான வாசகர் நீதிபதி அல்ல, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அரசு எழுதுவது அவருக்காக. இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு போட்டபோது எல்லோருக்கும் ஆயுள் தண்டனை வாங்கித் தரலாம் என்று எந்த அதிகாரியும் நம்பியிருக்க மாட்டார். 2013 மே மாதத் தீர்ப்பில் உச்சநீதிமன்றமே அவ்வழக்குகளைத் திரும்பப்பெற முயலும்படி சொன்னது. அதற்குள் பாஸ்போர்ட், வேலை, கடலுக்குப் போகும் நாள் என்று எத்தனையோ பறிபோயின.

5

புகார் கொடுத்தவரே விசாரணைக்குரியவராக மாறும் திருப்பமும் இக்கதையாடலின் ஒரு பகுதி. 2010 ஆகஸ்டில் காவல் சித்திரவதை பற்றி விசாரிக்க நெல்லை மாவட்டம் வீரவநல்லூர் காவல் நிலையத்துக்குப் போன மக்கள் கண்காணிப்பகக் குழுவினரே கைதானார்கள். எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. டிஎன்ஏ சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே மக்களில் மூன்று பேரைக் குற்றவாளிகளாக்கியது. ஊர் மக்கள் அதை மறுத்தார்கள். யார் செய்தது என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. இனிப் புகார் கொடுக்கப் போகிற அடுத்த ஊர்க்காரர் இதை எப்படி வாசிப்பார் என்றுதான் கேட்கிறேன். அதே ஜனவரியில், திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் மீது புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். விசாரணையற்ற சாவும் முடிவற்ற விசாரணையும் ஒரே மாவட்டத்தில், ஒரே மாதத்தில்.

'அப்படியானால் நீதிமன்றமே வேண்டாம் என்கிறீரா?' என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. நஜீப் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், நீண்டகாலச் சிறைவாசமே ஜாமீனுக்குக் காரணமாகலாம் என்றது. அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு. வழக்கறிஞர்கள் செய்வது பெரிய காரியம். நான் சொல்வது, தீர்ப்புக்காக மட்டும் காத்திருக்கும் விமர்சனம் அதிகாரத்தின் கால அட்டவணையை ஏற்றுக்கொண்ட விமர்சனம் என்பதுதான்.

பதிலாக என்ன செய்யலாம்? ஸ்டான் சுவாமி செய்ததைத்தான். எண்ணுவது. நம் ஊரில் போராட்ட வழக்குகள் எத்தனை, எத்தனை வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் எத்தனை நாள் கூலி போனது, பஸ்ஸுக்கு எவ்வளவு, எந்தக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. இதில் உச்சம் இல்லை, படிமம் இல்லை. ஆனால் இதுதான் ஆவணம். இந்தப் பக்கங்களில் கோட்பாடு எழுதுகிற நாம், வருஷத்தில் நாலு நாள் கோர்ட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்து இதை எழுதலாம்.

டீக்கடையில் அந்த மறியல் வழக்குக்காரரிடம் இதுவரை எத்தனை வாய்தா என்று கேட்டேன். "எண்ணலையே தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணியிருக்கணும்ல?" என்றார். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். போக வேண்டும்.