ஆளில்லாத மதுரையும் ஆள் நிறைந்த ஒரு சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய மதுரைப் படங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரில் உள்ள ஒரு சின்ன கேலரிக்குப் போனேன். கேலரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி ஹால், நாலு சுவர், கொஞ்சம் விளக்கு, அவ்வளவுதான். வைத்திருந்தவை அசல் பிரதிகளும் இல்லை, நல்ல தாளில் போட்ட மறுபிரதிகள். முப்பது சொச்சம் படங்கள். எல்லாமே ஒரே ஆள் எடுத்தவை: கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்.

ட்ரைப்பைப் பற்றி ரெண்டு வரி. 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தார். அடுத்த வருஷம் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சாமான்களெல்லாம் மாட்டுவண்டியில். வடக்கே கலகம் இன்னும் அடங்காத நேரம் அது. மதுரையில் அவர் இருந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி வாக்கில்.

சரி, படங்களுக்கு வருவோம்.

முதலில் என்னை நிறுத்தியது யானைமலை. மதுரைக்காரர்களுக்கு யானைமலை என்றால் மேலூர் ரோட்டிலிருந்து பார்க்கிற, படுத்திருக்கும் யானைதான். ட்ரைப் பக்கவாட்டிலும் எடுத்திருக்கிறார். ஆனால் அவருடைய நல்ல படம், மலையின் ஒரு முனைக்கு நேராக நின்று எடுத்தது. அங்கிருந்து பார்த்தால் யானை காணாமல் போய்விடுகிறது. வெறும் பாறை, அதன் கனம், அவ்வளவுதான் மிச்சம். பெயரை மறந்துவிட்டுப் பார் என்று யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாகப் பார்க்கிற மலையைப் புதுசாகப் பார்த்தேன்.

ட்ரைப் படங்களில் மேகம் தெரிந்தால் கொஞ்சம் உஷாராகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அதிகமாகவே மசியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். ட்ரைப் மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவின் மேல் சாயம் பூசி வானத்தைச் சரிசெய்வார், மேகமும் வரைவார். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேமரா பொய் சொல்லாது என்று நம்புகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

அடுத்த சுவரில் ஒரு தூண். கீழே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு, பிளாக்பர்ன் நினைவுச் சின்னம் என்று. கடந்து போக இருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்.

"தம்பி, இது நம்ம விளக்குத்தூண்தானே?"

"ஆமாங்கய்யா, அதேதான்."

"அப்ப கூட்டமெல்லாம் எங்க போச்சு?"

1840களில் மதுரையின் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தது அப்படித்தான். அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். இன்றைக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போனால் கால் வைக்க இடம் இருக்காது. படத்திலோ அந்த நெரிசலின் சாயல்கூடக் கிடையாது. பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி ஹாலை விட்டு வெளியே வரும்வரை கூடவே வந்தது.

ஏனென்றால் பெரும்பாலான படங்கள் இப்படித்தான். கோபுரம் இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. ஆள் அபூர்வம்.

இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. தாள் நெகட்டிவ் மெதுவாகத்தான் வேலை செய்யும். நல்ல வெளிச்சத்திலேயே லென்ஸை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும், இருட்டு மண்டபத்துக்குள் என்றால் இன்னும் அதிகம். நடந்து போகிறவர் தாளில் பதியவே மாட்டார். ஆனால் இது பாதி பதில்தான். நில் என்று சொன்னால் ஆட்கள் நின்றிருப்பார்கள். அந்தக் காலத்திலேயே உட்காரவைத்து முகம் எடுத்தவர்கள் நிறையப் பேர். ட்ரைப்புக்கு வேண்டியது கட்டடம், அவரை அனுப்பிய அரசுக்கு வேண்டியதும் கட்டடம்தான். சிதைவதற்கு முன்னால் பதிவு செய்துவிட வேண்டும் என்பது திட்டம். அதில் மனிதர்கள் குறுக்கே நிற்கும் இடைஞ்சல்.

இதைக் கூர்மையாக உணர்ந்தது புது மண்டபத்தின் தெற்குப் பக்க நடையைக் காட்டும் படத்தில். கண்காட்சியிலேயே அழகில் முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே உள்ளே போகின்றன. இருட்டிலும் சிற்ப விவரம் கரைந்துபோகாமல் நிற்கிறது. அவ்வளவு பெரிய தாளில், அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில், இந்தத் துல்லியத்தைக் கொண்டுவர எத்தனை முறை தோற்றிருப்பாரோ!

ஆனால் எனக்குத் தெரிந்த புது மண்டபம் அது இல்லை. எனக்குத் தெரிந்தது தையல் மெஷின் சத்தம். பாத்திரக் கடை, வளையல் கடை, நோட்டுப் புத்தகக் கடை. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடுகிற உடுப்பு இருக்கிறதே, ஜரிகை வைத்தது, என் சித்தப்பாவுக்கு அதைத் தைத்துக் கொடுத்தது அந்த மண்டபத்துத் தையல்காரர்தான். தூணில் இருந்த யாளியின் காலில் அளவு டேப் தொங்கும்.

சில வருஷங்களுக்கு முன் கடைகளை அங்கிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களைக் காப்பாற்ற அது தேவை என்றுதான் நானும் வாதாடினேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ட்ரைப்பின் படத்துக்கு முன் நின்றபோது ஒரு சந்தேகம் வந்தது. பாரம்பரியம் என்றதும் நம் மனதில் வருகிற அந்தக் காலியான, சுத்தமான, தூண் மட்டும் நிற்கிற மண்டபம், அந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பார்த்து வந்ததுதானோ? ஒரு லென்ஸின் மந்தமும் ஒரு அதிகாரியின் விருப்பமும் சேர்ந்து உண்டாக்கிய வெறுமையை, கட்டடத்தின் இயல்பான நிலை என்று எடுத்துக்கொண்டோமோ? பதில் என்னிடம் உறுதியாக இல்லை. ஆனால் அந்தப் படத்தை இனிமேல் வெறும் அழகாக மட்டும் என்னால் பார்க்க முடியாது.

கடைசிச் சுவர் முழுக்க ஒரே படம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகள். 21 படங்களைத் தனித்தனியாக எடுத்து ஒட்டிய நீளப் படம், அசல் கிட்டத்தட்ட 19 அடி. இங்கேயும் சுருக்காமல் முழு நீளத்துக்கே போட்டிருந்தார்கள். அதற்காகவே இந்தக் கேலரிக்கு ஒரு கும்பிடு. நின்ற இடத்திலிருந்து இதைப் பார்க்க முடியாது, நடக்கத்தான் வேண்டும். எனக்கு முன்னால் நாலு பேர் மெதுவாக நகர, பின்னாலேயே நானும் நகர்ந்தேன். பிராகாரம் சுற்றுகிற மாதிரிதான் இருந்தது.

கலைப் படம் எடுக்கும் நோக்கம் இதில் துளியும் இல்லை. மொழி அறிந்தவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும் என்று எடுத்தது. சலிப்பான வேலை. கேமராவைக் கொஞ்சம் நகர்த்து, மறுபடி எடு, வரி விட்டுப்போகாமல் பார். ஒட்டு தெரிகிற இடத்தில் சுவரின் நிறம் லேசாக மாறுகிறது. அந்த ஒட்டுகளே எனக்குப் பிடித்திருந்தன, ஒரு மனிதன் எத்தனை முறை நகர்ந்து நின்றான் என்பதன் அடையாளம் அவை.

இன்னொரு விஷயம். 1858இல் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து ஹுல்ஷ் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் முதலாம் இராஜராஜன் என்பது உறுதியானது. அதாவது எழுத்து அங்கேயே இருந்தது, படமும் எடுத்தாகிவிட்டது, படிக்கத்தான் ஆள் வரவில்லை.

அந்தக் கோயில் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது? ராஜா கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது. அதோடு ஆடல் மகளிர் பெயர், மேளக்காரர் பெயர், விளக்குக்கு நெய் அளக்க ஆடுமாடு வாங்கிய இடையர் பெயர். இவை எல்லாமே இந்தப் படத்துக்குள் வரும் வரிகள் அல்ல, பல வேறு சுவர்களில் உள்ளவை. ஆனாலும் ஆளே இல்லாத முப்பது படங்களுக்குப் பிறகு, எழுத்து மட்டுமே உள்ள இந்தச் சுவரில்தான் எனக்கு ஆள் நடமாட்டம் தெரிந்தது. ட்ரைப் மனிதர்களைத் தவிர்க்க முடியாமல்போன இடம் இது. கல்லிலேயே அவர்கள் இருந்தார்கள்.

இந்தப் புகைப்பட வேலை அதிக நாள் நீடிக்கவில்லை. 1859இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், செலவு தாங்காத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார்.

குறை ஒன்று உண்டு. சீட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும். அந்தப் பெரியவர் விளக்குத்தூணைத் தன் கண்ணால்தான் கண்டுபிடித்தார், சீட்டு அவருக்கு உதவவில்லை. மதுரைப் படங்களை மதுரைக்காரர்களுக்குக் காட்டும்போது தமிழில் ரெண்டு வரி எழுத வேண்டாமா? புது மண்டபத்துப் படத்துக்குப் பக்கத்தில், குன்னத்தூர் சத்திரத்தில் இன்று தைத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் படத்தையும் மாட்டியிருந்தால் கண்காட்சியே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வாசலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நேராகக் கடைசிச் சுவருக்குப் போய், தஞ்சாவூர்க் கல்வெட்டை முழுசாக ஒரு தடவை நடந்து பாருங்கள். அப்புறம் மதுரைக்கு வாருங்கள். காலியான அந்த வீதிகளில் யார் யார் இல்லை என்பது அப்போது இன்னும் நன்றாகத் தெரியும்.