வளவின் கணக்கு

புகலிடச் சஞ்சிகைகளில் இத்தனை வருடங்களாக வெளிவந்த ஊர் நினைவுக் கட்டுரைகளில் ஒரு வளவு தவறாமல் வந்துவிடும். அதில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கும். கிணற்றடியில் கமுகு, கோடிப்புறத்தில் வாழை, கொட்டிலில் ஒரு பசு. அம்மா பால் கறப்பா. பாலின் மணம் வரும். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். பசு என்ன தின்றது, புண்ணாக்கு யாருடைய காசில் வந்தது, விடிய முன்னர் எழும்பிச் சாணி அள்ளியது யார் என்று எழுதியவர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. இவற்றை எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் கோப்பை கழுவிக் கைவிரல் ஊறிப்போன எம் போன்றவர்கள்தான். வேலை என்றால் என்னவென்று அறியாதவர்கள் இல்லை. ஆயினும் நினைவில் ஊருக்குத் திரும்பும்போது மட்டும் வேலையைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

இந்த யோசனையைக் கிளப்பியது ஓர் ஆங்கிலேயரின் புத்தகம். தன்னிறைவு வாழ்க்கை பற்றி ஜோன் சீமோர் 1976இல் வெளியிட்ட பெரிய கைநூல் அது. ஜேர்மன் மொழிபெயர்ப்பின் துணைத்தலைப்பு, யதார்த்தவாதிகளுக்கும் கனவு காண்பவர்களுக்குமான நடைமுறைக் கைநூல் என்று சொல்கிறது. இங்குள்ளவர்கள் வேண்டாத பொருட்களைப் பெட்டியில் போட்டுத் தெருவோரம் வைப்பார்கள். இரவு வேலை முடிந்து வரும் வழியில் அப்படியொரு பெட்டியில் கிடைத்தது. அறையில் இருந்த நாங்கள் மாறி மாறிப் படித்தோம். முதலில் படங்களுக்காக என்பதே உண்மை.

'சிறியதே அழகு' எழுதிய பொருளியலாளர் சூமாக்கர் இதற்கு முன்னுரை எழுதியிருக்கிறார். ஆனால் புத்தகத்தின் பலம் தத்துவத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யலாம் என்று சீமோர் வரைந்து காட்டுகிறார். எமது அளவில் 16 பரப்பு. பாதி புல்லுக்கு, மற்றப் பாதி நாலு துண்டாக. வருடத்துக்கு வருடம் பயிர் துண்டு மாறும். ஒரு பசு, பன்றி, சில கோழிகள். அந்தப் பாதிப் புல் ஒரு பசுவுக்குப் போதாது, தீனி வெளியே வாங்கத்தான் வேண்டும், வாங்கிய தீனி எருவாகி உங்கள் மண்ணுக்குள் போகும் என்று அவரே சொல்லிவிடுகிறார். தன்னிறைவு என்று அட்டையில் போட்ட புத்தகத்துக்குள் இந்த ஒப்புதல் இருப்பது எமக்குப் பிடித்தது. பன்றியை எப்படிக் கொல்வது, எப்படி வெட்டுவது என்பதும் படங்களுடன் உண்டு. இறைச்சி தட்டில் போவதை மட்டும் பார்க்கும் வாடிக்கையாளருக்கும், அதைக் குசினியில் வெட்டும் எமக்கும் இடையிலுள்ள தூரம் இவரிடம் இல்லை.

எமது வளவுகளை இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நாம் அறிந்த வளவுகள் இரண்டு, மூன்று பரப்புக்குள் அடங்கியவை. அவை தன்னிறைவாக ஒருநாளும் இருந்ததில்லை. அரிசியும் மாவும் வெளியிலிருந்து வந்தன. காசு, தோட்டத்து வெங்காயத்திலும் மிளகாயிலும் புகையிலையிலும் வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் வெங்காயமும் மிளகாயும் விலைப்பட்டன. அந்தக் காசில் எழும்பிய கல்வீடுகள் பல. வளவு செய்தது வேறொரு வேலை. சமையல் மிச்சத்தையும் காய்ந்த இலையையும் பாலாக, முட்டையாக, எருவாக மாற்றியது. கழுநீர் மாட்டுக்கு. விழுந்த பலாவிலை குத்தூசியில் கோத்து ஆட்டுக்கு. பனையோலை கிழித்து மாட்டுக்கு. பூவரசங்குழை வேலியில் வெட்டித் தோட்டத்தில் தாழ்ப்பதற்கு. கிடுகு உக்கினால் அதுவும் மண்ணுக்கு.

வேல்ஸில் இருந்த சீமோருக்கு மழை தானாக வந்தது. எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆறு இல்லை. தண்ணீர் முழுவதும் கிணற்றில் கிடந்தது, அதை மேலே கொண்டுவர ஆள் வேண்டும். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர். மண்ணெண்ணெய் மெசின் வந்தபின் இந்த ஆட்கள் குறைந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் இல்லாமல் போக, திரும்பவும் துலாவுக்குப் போனோம். அந்த மூவர் யார் என்ற இடத்தில்தான் எமது நினைவுக் கட்டுரைகள் வாயை மூடிக்கொள்கின்றன. கிணறு வெட்டியவரும் வேலி அடைத்தவரும் அந்தக் கிணற்றில் அள்ள முடியாதிருந்த ஊர்கள் அவை. 1972இல் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். அதற்குப் பிறகும் வளவை ஆளில்லாத இயற்கைக் காட்சியாக எழுதுவது மறதியால் வருவதென்று நாம் நம்பவில்லை.

பெண்கள் விடயமும் அப்படித்தான். வளவு பல வீடுகளில் அம்மாவின் சீதனம். தேசவழமையின்படி காணி அவ பெயரில். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி கணவன் கையொப்பமின்றி அவ அதை விற்க முடியாது. பால் கணக்குக் கொப்பி ஐயாவின் மேசையில் கிடக்கும். முட்டைக் காசு மட்டும் அவவின் சேலைத்தலைப்பில். பிள்ளைகளின் கொப்பி, பென்சில் எத்தனை அந்தத் தலைப்பிலிருந்து அவிழ்ந்தன என்று எழுதினால் அது ஒரு பொருளாதார வரலாறாகும். நாமோ அம்மாவின் கைமணத்தை எழுதிவிட்டுப் போகிறோம்.

சீமோரிலும் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. அவருடைய குடும்பம் நாளைக்கும் அதே நிலத்தில்தான் நிற்கும். பசுவுக்குக் கன்று எப்படிப் பிறக்கும் என்று சொல்லித் தருபவர், பசுவை விட்டு எப்படிப் போவது என்று சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. எமக்கு வந்தது. 1990 யூனில் பலாலியைச் சுற்றியிருந்தவர்களுக்கு, 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதற்கும். எமது கட்டுரைகளில் அது ஒரு வரி: 'மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம்.' சைக்கிளுக்கும் சூட்கேசுக்கும் இடையில் வந்து போகிற வரி. ஆனால் இரண்டு நேரமும் கறந்த பசுவைக் கறக்காமல் விட்டால் மடி கல்லாகிவிடும், பிறகு மடிவீக்கம். ஆகவே கன்றையும் சேர்த்து அவிழ்க்க வேண்டும். கிணற்றடித் தொட்டியை நிரப்ப வேண்டும். கோழிக்கூட்டைத் திறந்து வைக்க வேண்டும், அடையிருக்கும் கோழி எழும்பாது என்று தெரிந்தும். படலையை மூடுவதா, திறந்து விடுவதா? இவற்றையெல்லாம் அறிந்திருந்தவர் தினமும் கறந்தவர். எழுதுபவர் பெரும்பாலும் அவருடைய மகன். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்ற சனத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அன்று கொட்டிலில் அந்தக் கால்மணி நேரம் நடந்தது எங்கும் எழுதப்படவில்லை. 1996இல் வலிகாமம் திரும்பிய சிலர், கட்டாக்காலி மாடுகளுக்குள் தமது குறியைத் தேடி அலைந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதுவும் வாய்க்கதைதான்.

இன்னொன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் வளவு இருந்தது, ஆடு மாடு இருந்தது. யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். அவிழ்த்துவிடக்கூட அவகாசமில்லாத மாடுகளைப் பற்றி எமது பக்கங்களில் எத்தனை கட்டுரை வந்தது?

வலிகாமம் வடக்குக் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்து, 2009க்குப் பின்னர் துண்டு துண்டாக விடப்பட்டன. இடையில் சில இடங்களில் இராணுவமே தோட்டம் செய்தது. திரும்பிப் போனவர்கள் வேலி இருந்த தடத்தைத் தேடினார்கள். அப்படிப் போன ஒரு தாய் முதலில் வாங்கியது இரண்டு ஆடு. மாடு வேண்டாம், வைக்கோலுக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்றாவாம் தொலைபேசியில். ஆட்டுக்குக் காசு அனுப்பிய மகன் எங்களோடுதான் குசினியில் நிற்கிறார். வளவைப் பற்றி அவரும் ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார், வாசிக்கத் தந்தார். மாமரம் நிற்கிறது. ஆட்டின் விலை இல்லை.