எந்த ஔவையார்?

குமுதத்தில் ரா.கி.ரங்கராஜன் என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். எஸ்.ரங்கராஜன் என்ற இன்னொருவரும் எழுத வந்தபோது, பெயர்க் குழப்பம் எதற்கு என்று மனைவியின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார். சுஜாதா வந்த கதை இது.

இந்த முன்ஜாக்கிரதை நம் பழைய புலவர்களுக்கு இல்லை. இனிஷியல் கிடையாது. பிறந்த வருஷம் கிடையாது. சங்கத்தில் ஒரு கபிலர் என்றால், பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார். நக்கீரர் விஷயமும் அப்படித்தான். பட்டினத்தாரிலும் குறைந்தது இரண்டு பேர் என்கிறார்கள். ஆனால், இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறவர் ஔவையார்.

புத்தகக் கடையில் 'ஔவையார் நூல்கள்' என்று கேட்டுப் பாருங்கள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி நான்கையும் ஒரே அட்டைக்குள் போட்டுத் தருவார்கள். சிலவற்றில் விநாயகர் அகவலும் ஔவைக் குறளும் போனஸ். முன்னுரையைப் புரட்டினால் அதியமான் நெல்லிக்கனி கொடுத்துக்கொண்டிருப்பார். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நல்வழியின் கடைசி வெண்பாவைப் பாருங்கள். திருக்குறள், தேவாரம், திருக்கோவையார், திருவாசகம், திருமந்திரம் எல்லாம் சொல்வது ஒன்றே என்று ஒரு பட்டியல் வருகிறது. மாணிக்கவாசகருக்குச் சொல்லப்படும் காலம் 9-ஆம் நூற்றாண்டு. அவர் நூலைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறவர், சங்க காலத்து அதியமானோடு உட்கார்ந்து பேசியிருக்க முடியுமா? ஆயிரம் வருஷ ஆயுள் தருகிற நெல்லிக்கனி எங்கேயும் காய்க்கவில்லை. நீதிநூல் ஔவை சோழர் காலத்தவர் என்பது பரவலான கணிப்பு. விநாயகர் அகவல் எழுதியவர் யோகம், குண்டலினி என்று வேறொரு உலகத்தில் இருக்கிறார். சங்கப் பாட்டுகளிலோ பிள்ளையாரே கிடையாது. மொத்தம் எத்தனை ஔவை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கணக்கு ஒத்துப்போகாது. ஒருவர் இல்லை என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை.

'யார் எழுதினால் என்ன சார், நல்லதுதானே சொல்லியிருக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரே பெயரில் நாலு பேர் பணம் போட்டால் பாங்க்கில் அப்பா பெயர், விலாசம் எல்லாம் கேட்டு நாலு கணக்காகத்தான் வைப்பார்கள். ஒரே கணக்கில் போட்டால் யாரோ ஒருத்தர் பணம் காணாமல் போகும். இங்கே காணாமல் போனவர், சங்க காலத்து ஔவை.

அவர் பெயரில் கிடைப்பவை 59 பாடல்கள். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. தொண்டைமானிடம் தூது போய், அவன் காட்டிய பளபளக்கும் ஆயுதங்களைப் பாராட்டுகிற சாக்கில், 'எங்கள் ராஜாவின் ஆயுதங்கள் எல்லாம் உடைந்துபோய்க் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறார் (புறம் 95). அதாவது, உன் ஆயுதங்கள் சண்டையே பார்த்ததில்லை அப்பனே! எதிரியின் வீட்டுக்கே போய்ச் சிரித்த முகத்தோடு மட்டம் தட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அதே ஔவை, அதியமான் செத்த பிறகு பாடும்போது, அவன் தங்களோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறார் (புறம் 235). குறுந்தொகை 28-இல் தன் காதல் நோய் தெரியாமல் ஊர் பாட்டுக்குத் தூங்குகிறதே என்று ஆத்திரப்படுகிற ஒரு பெண்ணைப் பேசவைக்கிறார். புறம் 89-இல் பகை மன்னன் 'விறலி' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்பதாக வருகிறது. மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி என்றெல்லாம் வர்ணனை. அது பாடியவரையே குறிப்பதாக எடுத்துக்கொண்டால், கோலூன்றிய கிழவி எங்கே வந்தாள்?

இப்போது ஆத்திசூடிக்கு வாருங்கள். பெண் பேச்சைக் கேட்காதே என்கிற அர்த்தத்தில் அதில் ஒரு வரி உண்டு. தேடிப் பாருங்கள், கிடைக்கும். ஒரு ராஜா தன் சார்பில் பேச அனுப்பிய பெண்ணின் கணக்கிலேயே இந்த வரியையும் எழுதிவைத்திருக்கிறோம்! இதைவிட ஒரு பெரிய அநியாயத்தை அந்தம்மாவுக்கு யாரும் செய்துவிட முடியாது.

ஆத்திசூடிக்காரரை நான் மட்டம் தட்டவில்லை. அகர வரிசையில் இரண்டிரண்டு, மூன்று மூன்று வார்த்தைகளில் 109 வரி. ஒன்றாங்கிளாஸ் பிள்ளையின் நாக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இத்தனை நூற்றாண்டு நின்றிருப்பது சும்மா இல்லை. நல்வழியில் தன் வயிற்றையே எதிரில் உட்காரவைத்து, சொன்ன பேச்சு கேட்க மாட்டாயா என்று திட்டுகிறாரே, அது பசி தெரிந்தவர் எழுத்து. அவருக்கு நெல்லிக்கனியின் சிபாரிசு தேவையே இல்லை.

குழப்பம் எப்படி வந்தது? புறநானூற்றை உ.வே.சா. அச்சுக்குக் கொண்டுவந்தது 1894-இல். குறுந்தொகையும் நற்றிணையும் 1915-இல். அதற்கெல்லாம் முன்பே ஆத்திசூடி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. சங்கத்துக்காரி ஏட்டிலிருந்து வெளியே வந்தபோது, தயாராக இருந்த பாட்டி வேஷத்தை அவருக்கும் மாட்டிவிட்டோம். 'ஔவை' என்ற சொல்லும் ஒத்துழைத்தது. கன்னடத்தில் 'அவ்வ' அம்மா, தெலுங்கில் பாட்டி. பெயரே ஒரு மரியாதைப் பட்டம் போல இருந்தால் யார்தான் வைத்துக்கொள்ள மாட்டார்கள்? 1953-இல் வாசனின் 'ஔவையார்' படம் பல காலத்துக் கதைகளை ஒரே வாழ்க்கையாகக் கோத்தது. கே.பி.சுந்தராம்பாள் பாடிய பாட்டில் எந்த ஆராய்ச்சியும் எடுபடவில்லை. 1968-இல் மெரினாவிலும் கிழவியாகவே நிறுத்திவிட்டோம்.

சிலையை எல்லாம் மாற்ற வேண்டாம். பதிப்பாளர்கள் ஒரு காரியம் செய்யலாம். நீதிநூல்களுக்கு நெல்லிக்கனி முன்னுரை போடுவதை நிறுத்திவிட்டு, அந்த 59 பாட்டையும் எளிய உரையோடு தனியாக, மலிவாகப் போடட்டும். குழந்தைக்கு ஆத்திசூடி வாங்குகிற அம்மா, தனக்கு அதை வாங்கிக்கொள்வார்.

அதுவரை, யாராவது 'ஔவையார் சொல்லியிருக்கிறார்' என்று ஆரம்பித்தால், எந்த ஔவையார் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.