ஆல்டிமீட்டரைக் காணோம்!

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-ஐ இன்னும் விடாமல் ஓட்டுபவரா நீங்கள்? அப்படியானால் இதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ இலவசமாகச் செய்து தந்த விமானம். வெளியே பெயின்ட் பிரமாதம். காக்பிட்டில் ஆல்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை. மேகத்துக்குள் நுழைந்தால் கதை கந்தல்.

விமானத்தின் 'பேனல்.சிஎஃப்ஜி' ஃபைலை நோட்பேடில் திறங்கள். மீட்டர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் உள்ள பெயர் 'கேஜஸ்' ஃபோல்டரில் இல்லையென்றால் ஓட்டைதான். பெரும்பாலும் பழைய பதிப்பிலிருந்து கடன் வாங்கின மீட்டர். அந்தப் பதிப்பு கைவசம் இருந்தால் ஃபைலை காப்பி பண்ணிப் போட்டால் போச்சு. (2017-ல் 64 பிட்டுக்கு மாறின ப்ரிப்பேர்டு நாலாம் பதிப்பில் பழைய 32 பிட் மீட்டர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.)

ஓசியில் கொடுத்தவர் மேல் எனக்குப் புகார் இல்லை, சிமுலேட்டர் மேல்தான். நிஜ விமானத்தில் பல மீட்டர்கள் கரண்ட் போனால் சின்னதாகச் சிவப்புக் கொடி காட்டும். இவரோ வாயே திறக்க மாட்டார். 'இன்ன ஃபைல் இல்லையப்பா' என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துபோகும்?